கலைச்சொல்: தரவுத்தள ஸ்கிரிப்டில் வரும் ‘ப்ராம்ப்ட்’

வணக்கம்.

தரவுத்தள ஸ்கிரிப்ட் (ஆணைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, திரையில் ஒரு வரியைக் காட்டி, பயனர் தட்டச்சிடும் மதிப்பை வாங்கிக்கொண்டு மேலே ஓடுகிறதே, அந்தச் செயலுக்கும் அந்த வரிக்கும் சொல் வேண்டும். இப்போது புழங்கும் ‘தூண்டி’, ‘தூண்டல்’ இரண்டும் இங்கே ஒட்டவில்லை.

சிக்கல் ஆங்கிலத்திலிருந்தே வருகிறது. ஆணைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் ஆணைக்காகக் காத்து நிற்கும் குறியும் ‘ப்ராம்ப்ட்’, செயற்கை நுண்ணறிவுக்கு நாம் எழுதித் தருவதும் ‘ப்ராம்ப்ட்’, ஸ்கிரிப்ட் நம்மிடம் கேட்பதும் ‘ப்ராம்ப்ட்’. நுண்ணறிவு விஷயத்தில் மனிதர் தொடங்கித் தர, இயந்திரம் தொடர்கிறது. சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுத்தது போல. ஸ்கிரிப்டில் திசையே மாறிவிடுகிறது. கேட்பது இயந்திரம், கொடுப்பது மனிதர்.

ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு ஆணை தரும் கருவியான எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் இன்னொரு முடிச்சு. அங்கே ‘ப்ராம்ப்ட்’ என்ற தனி ஆணை வெறும் எழுத்தை அச்சிட்டுவிட்டுப் போய்விடும், பதிலுக்குக் காத்திராது. காத்திருந்து வாங்குவது ‘ஆக்செப்ட்’:

ஆக்செப்ட் துறை நம்பர் ப்ராம்ப்ட் 'துறை எண்: '

‘நம்பர்’ என்று வகை சொல்லியிருப்பதால், பயனர் எழுத்தைத் தட்டினால் பிழை காட்டி மறுபடி கேட்கும். ‘டிஃபால்ட்’ கொடுத்திருந்தால் வெறும் என்டருக்கு அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல்லுக்கு ‘ஹைட்’ சேர்த்தால் தட்டுவது திரையில் தெரியாது. இத்தனையும் அடங்கிய வேலையைத் ‘தூண்டல்’ என்று சொன்னால் காத்திருப்பதும் வராது, வாங்குவதும் வராது.

‘வினவல்’ தரவுத்தளக் கேள்விக்கு நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். ‘உள்ளீடு’ என்பது வந்து சேரும் மதிப்பு. கேட்கும் செயல் ஆகாது. என் பரிந்துரை: செயலுக்கு ‘கேட்டுப்பெறல்’, திரையில் வரும் வரிக்கு ‘கேட்புவரி’. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

> செயலுக்கு ‘கேட்டுப்பெறல்’, திரையில் வரும் வரிக்கு ‘கேட்புவரி’

வணக்கம் ஐயா. முதல் சொல் நன்று. இரண்டாவது வேண்டாம். வங்கித் தமிழில் ‘கேட்பு வரைவோலை’ ஊன்றிவிட்டது; ‘வரி’ என்றதும் செலுத்த வேண்டிய வரி நினைவுக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் ஏதோ வரி பாக்கி கேட்பது போல ஒலிக்கிறது.

சொல் நம்மிடமே இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. ஒரு பொருளைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது கொளல்வினா. ‘துறை எண்:’ என்று ஸ்கிரிப்ட் கேட்பது அதுதான், ஒரு இழை பிசகாமல். தெரியாததைத் தெரிந்துகொள்ளத் தரவுத்தளத்திடம் நாம் விடுக்கும் வினவல் அறியாவினா. ஒரே ஸ்கிரிப்டில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இலக்கணம் அவற்றை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியில் படித்த சொல் என்பதால் புதிதாக விளக்கவும் வேண்டியதில்லை.

இதோடு, வாங்கிய மதிப்பு வந்து அமர வேண்டிய இடத்தில் ‘&துறை’ என்று எழுதுகிறோமே, அதற்கும் சொல் முடிவாக வேண்டும். ‘பதிலீட்டு மாறி’ என்பேன். இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘பிரதியீடு’ தவறில்லை. ஆனால் ‘பதில்’ என்றால் விடை, ‘பதில்’ என்றால் மாற்றாக. பயனரின் பதில், மாறிக்குப் பதிலாக வந்து உட்காருகிறது. இந்த இரட்டைப் பொருள் வேறெந்தச் சொல்லிலும் கிடைக்காது.

விளக்கக் குறிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பதிலீடு நடப்பது பயனரின் கணினியில், தரவுத்தளம் ஓடும் வழங்கிக்குப் போகுமுன். பலரும் சறுக்குவது இங்கேதான். பிஎல்/எஸ்க்யூஎல் (ஆரக்கிளின் நிரல்மொழி) தொகுதிக்குள் பத்துமுறை சுற்றும் மடக்கில் ‘&எண்’ என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டு, பத்து தடவை கேட்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒருமுறைதான் கேட்கும்; அந்த மதிப்பு எழுத்தாகவே பதிந்து, முழுத் தொகுதியும் வழங்கிக்குப் போய், பத்துச் சுற்றிலும் அதுவே நிற்கும். வழங்கியில் ஓடும் நிரல் இடையில் நின்று பயனரின் விசைப்பலகையைப் படிக்க முடியாது.

எழுத்தாகவே பதிவதால் மேற்கோள் குறியும் நம் பொறுப்பு. பெயரைக் கேட்டு வாங்கி '&பெயர்' என்று எழுதாமல் &பெயர் என்று விட்டால், வந்த பதிலை நெடுவரிசைப் பெயராக நினைத்து, அப்படி ஒன்று இல்லை என்று ஓஆர்ஏ-00904 பிழை தரும். தரவுக்குள்ளே ‘ஆர்&டி’ என்று இருந்தாலும் ‘டி’க்கு மதிப்பு கேட்டு நிற்கும்; செருகல் ஆணைகளுக்கு முன் ‘செட் டிஃபைன் ஆஃப்’ போட வேண்டும். நீக்கும் ஆணையில் எண் கேட்கும்போது யாராவது ‘10 ஆர் 1=1’ (10 அல்லது எப்போதும் உண்மை) என்று தட்டினால், எல்லா வரிசையும் பொருந்தி அட்டவணையே காலி. ‘ஆக்செப்ட்’டில் வகை சொல்வது அலங்காரத்துக்கு அல்ல, இதற்காகத்தான்.

---

வணக்கம். ‘கேட்புவரி’யைத் திரும்பப் பெறுகிறேன். கொளல்வினா அருமையான சொல், தேடியது இதுவே.

செயலுக்கு மட்டும் ‘கேட்டுப்பெறல்’ இருக்கட்டும். ‘கொளல்வினாவுதல்’ நாக்கில் ஏறாது. ‘மதிப்பைக் கேட்டுப்பெறு’ என்று ஏவலாகவும், ‘கேட்டுப்பெற்ற மதிப்பு’ என்று எச்சமாகவும் தடங்கலின்றி வருகிறது.

சொல் ஆரக்கிளுக்கு மட்டும் பொருந்தினால் போதாது என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முனையக் கருவியான பிஎஸ்க்யூஎல்லிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே ‘\ப்ராம்ப்ட்’ ஆணையே காத்திருந்து வாங்குகிறது:

\ப்ராம்ப்ட் 'ஊழியர் பெயர்: ' பெயர்

மேற்கோளுக்குள் இருப்பது கொளல்வினா, கடைசியில் இருப்பது மாறி. பயன்படுத்தும் இடத்தில் :'பெயர்' என்று எழுதினால் மேற்கோளை அதுவே முறையாகப் போட்டுத் தரும். அட்டவணைப் பெயராக வேண்டுமானால் :"பெயர்". வெறும் :பெயர் என்றால் அப்படியே பதியும், நீங்கள் சொன்ன ஆபத்தோடு. டாலர் குறிகளுக்குள் எழுதும் ‘டூ’ (பெயரில்லா நிரல்) தொகுதியில் பதிலீடே நடக்காது. ஸ்கிரிப்ட் கோப்பை ‘-எஃப்’ கொடுத்து ஓட்டினால் ‘\ப்ராம்ப்ட்’ முனையத்தை விட்டு இயல்பு உள்ளீட்டிலிருந்து (ஸ்டாண்டர்ட் இன்புட்) படிக்கும்; ஆளில்லாமல் நேரம் வைத்து ஓடும் வேலைகளில் பதில் தர ஒருவரும் இல்லை. அங்கே ‘-வி’ வழியாக மதிப்பை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல் முனையக் கருவியில் ‘ப்ராம்ப்ட்’ என்பது காத்திருப்புக் குறியை மாற்றும் ஆணை. கேட்டுப்பெற, இயங்குதளத்தின் ஆணைகளை ஏற்கும் ஷெல்லைத்தான் நாட வேண்டும். தனித்தனிச் சொல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எஸ்க்யூஎல் பிளஸ்ஸின் ஒற்றை ‘&’, இரட்டை ‘&&’ வேறுபாட்டையும் பதிவில் சேர்க்கலாம். ஒற்றை, வரும் இடந்தோறும் கேட்கும். இரட்டை, ஒருமுறை கேட்டு அமர்வு முடியும்வரை வைத்துக்கொள்ளும். அதே அமர்வில் மறுபடி ஓட்டினால் கேட்காமலே பழைய மதிப்பில் ஓடிவிடும், ‘அன்டிஃபைன்’ கொடுத்தால்தான் மறக்கும். இவற்றுக்கு முறையே ‘ஒருமுறைப் பதிலீடு’, ‘நிலைப் பதிலீடு’ என்று பெயரிட்டிருக்கிறேன். ‘ஒருமுறை’ என்பது எதைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் வரலாம். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

பதிவுக்கான வரைவு:

கொளல்வினா: ஸ்கிரிப்ட் ஓடும்போது மதிப்பு வேண்டித் திரையில் காட்டும் தொடர்.
கேட்டுப்பெறல்: கொளல்வினாவைக் காட்டி, காத்திருந்து, பதிலை மாறியில் வைக்கும் செயல்.
பதிலீட்டு மாறி: ஆணை வழங்கிக்குப் போகுமுன், பயனரின் பதில் எழுத்தாகவே வந்து அமரும் இடம்.
காத்திருப்புக் குறி: ஆணையை எதிர்நோக்கி முனையம் காட்டும் குறி. இதற்குக் கொளல்வினா என எழுதற்க.

---

வணக்கம் ஐயா. வரைவு சரி. ‘ஒருமுறைப் பதிலீடு’ நீங்கள் ஐயுற்றது போலவே தலைகீழாகப் புரியும்; ஒருமுறை மட்டும் கேட்பது ‘&&’ அல்லவா? ‘இடந்தோறும் பதிலீடு’ என்று வையுங்கள். ‘நிலைப் பதிலீடு’ அப்படியே இருக்கட்டும்.