சூழல் பிரசாரத்தில் ஊசியும் நூலும்: மூவரின் அனுபவங்கள்

துண்டறிக்கையை நீட்டினால் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட, கையில் பின்னல் வேலை இருந்தால் தாங்களே நின்று "என்ன பின்னுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். எங்கள் குழு வெப்பநிலைப் பின்னல் செய்தபோது இதை நன்றாகவே உணர்ந்தேன். முறை எளிது. ஒரு நாளுக்கு ஒரு வரிசை, ஆண்டுக்கு 365 வரிசை. அன்றைய அதிகபட்ச வெப்பம் எவ்வளவோ அதற்குரிய நிறத்தில் நூல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017இல் தொடங்கிய டெம்பெஸ்ட்ரி திட்டம்தான் எங்களுக்கு முன்மாதிரி.

பழைய ஆண்டு ஒன்றையும் அண்மை ஆண்டு ஒன்றையும் பின்னி அருகருகே தொங்கவிட்டோம். ஒரு பெரியவர் வந்து, கீழிருந்து விரல் வைத்து வரிசைகளை எண்ண ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன். "என் மகள் பிறந்த நாள்" என்றார். எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்: வெளிர்மஞ்சள். அப்புறம் பக்கத்துப் பின்னலில் அதே தேதியைத் தேடினார். அங்கே அடர்சிவப்பு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளை வைத்து முடிவு கட்டிவிட முடியாதே?" என்றார். எவ்வளவு சரியான கேள்வி! ஒரு நாளை வைத்து மட்டுமல்ல, இரண்டு ஆண்டுகளை வைத்தும் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. வரிசையாகப் பல பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும். காலநிலை அறிஞர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கிய வெப்பப் பட்டைகளில் ஆண்டுக்கு ஒரு பட்டைதான். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக மாறுவது கண்கூடாகத் தெரியும். அந்தப் பெரியவரிடம் அதைப் படமாகக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்தக் கூட்டத்திலும் எனக்கு அப்படி ஓர் உரையாடல் வாய்த்ததில்லை.

செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை டிகிரிக்கு எந்த நிறம் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எல்லா ஆண்டுக்கும் அதே பட்டியல்தான். இடையில் மாற்றினால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

*

மேலே எழுதியவர் சொன்ன அந்தக் கேள்வி கேட்கும் தருணத்துக்காகத்தான் நானும் குழந்தைகளோடு பவளப்பாறை பின்னுகிறேன். ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பவளப்பாறையைப் பலர் அறிந்திருப்பீர்கள். அதற்கு அடிப்படை ஒரு கணிதம். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா, ஒரு வகை வளைபரப்பைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கண்ணிகள் போட்டதும் ஒருமுறை, ஒரே கண்ணியில் இரண்டு போட வேண்டும். அவ்வளவே. முதல் சில வரிசைகள் தட்டையாகவே இருக்கும். அப்புறம் ஓரத்துக்கு இடம் போதாமல் மடங்கும், நெளியும், சுருளும். மேசையில் வைத்து அழுத்தினாலும் படியாது. அதைப் பார்த்ததும் குழந்தைகள் போடும் சத்தம் இருக்கிறதே!

பாதிப் பவளங்களை வண்ணத்திலும் பாதியை வெள்ளையிலும் பின்னச் சொன்னேன். ஒரு சிறுமி வெள்ளைப் பவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். கடல் அளவுக்கு மீறிச் சூடானால், தனக்குள் குடியிருந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். அதனால்தான் இந்த வெளுப்பு. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். "அப்போ இன்னும் நேரம் இருக்கு" என்று தானே முடிவு செய்தாள். அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை.

நூல் விஷயத்தில் நான் கறார். அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக்தான், துவைத்தால் நுண்ணிழைகள் உதிரும். சூழலுக்காகப் பேசப்போய்ப் புதுசாக மூட்டை மூட்டையாக அதை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. மிச்ச நூல், பிரித்த ஸ்வெட்டர், நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் பை, இவையே போதும்.

*

கண்காட்சியோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. செய்த பொருள் முடிவெடுப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நீரோடையில் குப்பை கொட்டுவதை எதிர்த்து எங்கள் குழு கையெழுத்து மனு கொடுத்தது. வாங்கி அடுக்கில் வைத்துவிட்டார்கள். அடுத்த முறை ஆளுக்கொரு துணித்துண்டில், அந்த ஓடையில் தாம் பார்த்த ஒன்றைத் தைத்துக்கொண்டு போனோம். ஒருவர் மீன்கொத்தி, ஒருவர் தவளை, என்னுடையது சங்கிலித் தையலில் ஒரே ஒரு வரி. அதிகாரி ஒரு துண்டை எடுத்துத் திருப்பி, பின்பக்க முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "இதைத் தைத்தவர் வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். பத்து நிமிடம் தருவதாகச் சொன்னவர் நெடுநேரம் உட்கார்ந்து பேசினார். இப்போது குப்பை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதனால் தையலும் நிற்கவில்லை.

இதை மென்மையான வேலை என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் 'நிட்டிங் நன்னாஸ்' மூதாட்டிகளைப் பாருங்கள். நிலக்கரிப் படுகை எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து 2012 முதல் மக்கள் பிரதிநிதிகளின் அலுவலக வாசலில் உட்கார்ந்து பின்னுகிறார்கள். போராட்டங்களை ஒடுக்கும் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை எதிர்த்து அவர்களில் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் அதன் சில பகுதிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

பிரசாரம் முடிந்ததும் பின்னல்களை என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்காகப் பலர் சேர்ந்து ஒன்றரை மைல் நீளத்துக்குப் பின்னிய துண்டுகள், பிறகு போர்வைகளாகித் தேவைப்பட்டவர்களுக்குப் போயின. நாங்களும் அளவெடுத்து, போர்வைக்கு ஏற்ற சதுரங்களாகவே இனி பின்னுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.