சமூக சேவை மணிநேரத்தைப் பள்ளியில் கட்டாயமாக்கலாமா?

கரும்பலகை:
பள்ளி முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் இத்தனை மணிநேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும் என்ற விதியை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் 1999 முதல் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணிநேரம் கட்டாயம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 75 மணிநேரம். ‘விருப்பம் இருந்தால் வாருங்கள்’ என்று விட்டால் யார் வருவார்கள் என்பதை ஆசிரியராக இருபது வருடமாகப் பார்க்கிறேன். வீட்டில் ஏற்கெனவே பொது விஷயங்கள் பேசப்படுகிற பிள்ளைகள்தான் வருவார்கள். மேடை ஏறியவரே மறுபடியும் ஏறுவார். கடைசி வரிசைப் பிள்ளையை யாரும் ‘நீயும் வா’ என்று கூப்பிடுவதில்லை. கட்டாயம் என்று வந்தால் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

மாலைநேரம்:
சார், அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை நான்தான். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவேன். அம்மாவுக்கு உடம்பு முடியாது, தம்பி சின்னவன், சமையலும் என்னுடையது. எங்கள் பள்ளியிலும் சேவை மணிநேரம் கேட்டார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் மூன்று வாரக் கடைசிகளில் தம்பியையும் தூக்கிக்கொண்டு போய் மணிநேரத்தை நிரப்பினேன்.

நீங்கள் சொல்லும் ஒன்டாரியோ விதியையே பாருங்கள். அந்த 40 மணிநேரமும் வகுப்பு நேரத்துக்கு வெளியே. அன்றாட வீட்டுவேலை கணக்கில் சேராது. நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் சேவை, படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு மருந்து கொடுத்தால் சேவை இல்லை. ஓய்வு நேரம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதிய விதி இது.

கரும்பலகை:
நீங்கள் பட்டதை நான் சிறிதாக நினைக்கவில்லை. பணம் இல்லாமல், பரிந்துரை இல்லாமல் நேர்மையாக நிரப்பியவர் நீங்கள்தான். ஆனால் வீட்டுவேலையையும் சேவைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடம்தான் அந்த வேலை போய்ச் சேருகிறது. ‘அவள்தான் வீட்டிலேயே சேவை செய்கிறாளே’ என்று சொல்லிவிடுவார்கள். வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும். பள்ளியின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த மாணவிகள் எனக்குத் தெரியும். அந்த வாசலை மூட நான் சம்மதிக்க மாட்டேன்.

மாலைநேரம்:
சரி, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுவேலையைச் சேர்க்கச் சொல்லவில்லை. பள்ளி நேரத்துக்குள் வையுங்கள் என்கிறேன். மேரிலாந்தில் பல பள்ளிகள் அந்த 75 மணிநேரத்தின் பெரும்பகுதியைப் பாடத்தோடு சேர்த்தே முடிக்க வைக்கின்றன. அங்கே தயாரிப்பு, களவேலை, பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவது எல்லாம் கணக்கில் வரும். 75 என்பது 40-ஐவிடப் பெரிய எண்தான். ஆனால் என்னைப் போன்றவளுக்கு அதுதான் லேசான சுமை.

ஏணிப்படி:
இருவரும் மணிக்கணக்கையே பேசுகிறீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது? ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்புக்காக எழுதியதில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை. பதாகை பிடிக்க வைப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரை உட்கார வைப்பது எல்லாம் அதில் வரும். நாம் பார்க்கும் சேவை மணிநேரத்தில் பாதி அங்கேதான் நிற்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகராட்சி 2014-ல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, எதற்குச் செலவிடலாம் என்று இளையோரையே வாக்களித்து முடிவு செய்யச் சொன்னது. 12 வயதுப் பிள்ளைகள்கூட வாக்களித்தார்கள். முதல் முறை அவர்கள் தேர்ந்தெடுத்தவற்றில் உயர்நிலைப்பள்ளிகளுக்கு மடிக்கணினி வாங்குவதும் ஒன்று. கல்வியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பணத்தையும் முடிவையும் கையில் கொடுத்தால் கட்டாயப்படுத்தத் தேவையே இருக்காது.

கரும்பலகை:
இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வாக்குப்பெட்டி வைத்தாலும் முதலில் வருபவர் பழைய அதே பிள்ளைகள். அப்புறம் பாட நேரம் பற்றி: ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் ஏற்கெனவே கணக்குப் பாடம் பாதியில் நிற்கிறது. அதிலிருந்தும் நேரத்தை எடுத்தால் இழப்பு யாருக்கு? வசதியான பள்ளிக்கு இல்லை.

பதினாறு:
நான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் கணக்குப் பாடத்திலேயே இதைச் செய்தோம். பள்ளிக் கழிப்பறைகளில் தண்ணீர் எத்தனை நாள் வருகிறது, எத்தனை நாள் வரவில்லை என்று ஒரு மாதம் குறித்து, சதவீதம் போட்டு, வரைபடத்தோடு மனு எழுதினோம். சதவீதம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனுவுக்குப் பதில் வர ஏழு வாரம் ஆனது. இப்போது குழாய் மாற்றியிருக்கிறார்கள். எந்த வேலை என்று முடிவு செய்தது நாங்கள், ஆசிரியர் இல்லை. ஐ.நா.வின் 1989-ம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-வது பிரிவு, எங்களைப் பாதிக்கும் விஷயத்தில் எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. இந்த விவாதத்திலும் எங்களைக் கேளுங்கள்.

கரும்பலகை:
நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பாடத்துக்குள் இப்படி வரும் என்றால் நேரம் பற்றிய என் மறுப்பை விட்டுவிடுகிறேன். கட்டாயம் என்பதை விடவில்லை. உங்கள் வகுப்பிலும் எல்லோரும் தண்ணீர் வந்த நாளைக் குறிக்கத்தானே வேண்டியிருந்தது?

மாலைநேரம்:
பாடத்துக்குள் என்றால் கட்டாயத்துக்கு நானும் சரி என்கிறேன். ஆனால் மணிநேரம் குறைந்தது என்று ஒரு பிள்ளையின் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

கரும்பலகை:
இதில்தான் நாம் பிரிகிறோம். சான்றிதழோடு கட்டாவிட்டால் பல பள்ளிகள் அந்த வகுப்பையே நடத்தாமல் விட்டுவிடும்.

பதினாறு:
அப்படியானால் நடத்தாத பள்ளியைக் கேளுங்கள் சார். எங்கள் சான்றிதழை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்?