புதுப்பிப்பு: மணக்குடியில் நட்ட கன்றுகள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில், பழையாறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு 60 சுரபுன்னைக் கன்றுகள் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மர வகை) நட்டதாக ஒன்றரை வருஷம் முன்பு எழுதியிருந்தேன். பிழைக்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நேற்று போய் எண்ணினேன். 23 நிற்கின்றன.

செத்தவை பெரும்பாலும் தாழ்ந்த ஓரத்தில் நட்டவை. பொழிமுகத்தை, அதாவது காயல் கடலோடு சேரும் வாயை, மணல் அடைத்ததும் காயலில் நீர் ஏறியது, வாரக்கணக்கில் இறங்கவில்லை. கண்டல் உப்பைத் தாங்கும். ஆனால் நீர் வற்றும்போது வேர் காற்று வாங்கியாக வேண்டும். இடம் பார்த்ததில் தப்பு எங்களுடையதுதான்.

மேட்டுப் பக்கம் வேறு கதை. ஒரு கன்றில் மரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும் முதல் முட்டுவேர் விரல் நீளத்துக்குத் தண்டிலிருந்து வளைந்து இறங்குகிறது, நுனி இன்னும் சேற்றைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

2004 சுனாமி இங்கே பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட அலையை இந்த 23 கன்று நிறுத்தாது. ஆனால் அடர்ந்து வளர்ந்தால் அன்றாட அலை கரையை அரிப்பது குறையும், வேருக்குள் மீன்குஞ்சும் இறாலும் ஒதுங்கும்.

சரி, அடுத்து மேட்டில் மட்டும்தான் நடுகிறோம். மரத்திலேயே முளைத்து, முற்றித் தானாக விழும் விதைகளைப் பொறுக்கப் போகிறோம். வருகிறவர்கள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், சிப்பி கிழித்துவிடும்.