ஒன்பது இலக்கமும் ஒருக்கா: முதன்மை எண் வருமோ?

கோண்டாவில்: 1 தொடக்கம் 9 வரையான இலக்கங்களை ஒவ்வொருதரம் பாவிச்சு முதன்மை எண் (1ஆலையும் தன்னாலையும் மட்டுமே வகுபடுற எண்) ஆக்கலாமோ? 362,880 வரிசைமாற்றத்தையும் கணினியிலை ஓடவிட்டன், ஒண்டும் அம்பிடேல்லை. நிரல் பிழையோ?

திருநெல்வேலிச் சந்தி: நிரல் சரி. கூட்டுத்தொகை 45, இலக்கங்களை எப்பிடி மாத்தினாலும் அது மாறாது. இலக்கங்களின்ரை கூட்டுத்தொகை 9ஆலை வகுபட்டால் எண்ணும் வகுபடும்; அதாலை எல்லாம் 9ஆலை வகுபடும். கணினியே தேவையில்லை.
1 தொடக்கம் 8 எண்டால் 36, 6 எண்டால் 21, 5 எண்டால் 15. எல்லாம் 3இன் மடங்கு. தப்புறது 7 (கூட்டுத்தொகை 28), 4 (10) ரெண்டும்தான்.

கோண்டாவில்: அப்ப 7654321 முதன்மை தானே? 17 வரைக்கும் வகுத்துப் பார்த்தன், மீதி வருது.

பருத்தித்துறை: அவசரப்பட்டிட்டியள். அடுத்த 19ஆலை வகுத்துப் பாருங்கோ, 402859 வரும். வர்க்கமூலம் வரைக்கும் போகாமல் இடையிலை நிப்பாட்டினால் இப்பிடித்தான்.
பெரிசிலையிருந்து இறங்கி வாங்கோ. கடைசி இலக்கம் 1, 3, 7 ஆக இருக்கிறதை மட்டும் எடுங்கோ. ஏழு இலக்கத்தின்ரை 5040 வரிசைமாற்றத்திலை 2160 தான் மிஞ்சும். ஒவ்வொண்டையும் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களாலை வகுக்கவேணும். முதல் அம்பிடுறது 7652413, அதுக்கு 2766 வரை போகவேணும்.
பிள்ளையளுக்கு நாலு இலக்கமே காணும். 4321 = 29 × 149, 4312 இரட்டை, 4231 முதன்மை. 61 வரை வகுத்தால் முடிஞ்சுது.

திருநெல்வேலிச் சந்தி: இன்னொண்டு: 1487, 4817, 8147. மூண்டும் முதன்மை, மூண்டிலையும் ஒரே நாலு இலக்கம் (1, 4, 7, 8), இடைவெளி 3330. ஒரே இலக்கங்களை மாத்தி எழுதின எண்களின்ரை வித்தியாசம் எப்பவும் 9இன் மடங்கு எண்டதையும் இதிலையே காட்டலாம்.