மருந்துக்கடையிலிருந்து மாகாண மன்றத்துக்கு: வுகாஷேவிச் பற்றி ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டை வாசகன்:
எங்கள் பாட்டி மண்ணெண்ணெயை இன்றும் 'கிருஷ்ணாயில்' என்றே சொல்லுவார். அந்த எண்ணெயின் வரலாற்றைத் தேடப்போய், போலந்துக்காரரான இக்னாட்சி வுகாஷேவிச் (1822–1882) என்ற மருந்தாளுநரைப் பற்றி அறிந்தேன். மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் மண்ணெண்ணெய் விளக்கை உருவாக்கியது வரை புரிகிறது; ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா (இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி) மாகாண மன்றத்துக்கு அவர் பின்னாளில் உறுப்பினராகச் சென்றது எப்படி? விளக்கின் புகழ்தான் காரணமா?

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:
புகழ் காரணமன்று என்பது என் எண்ணம். அந்தக் காலத்து மருந்தாளுநர், எங்களைப் போல அட்டை மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பவர் அல்லர். காய்ச்சுவதும் வாலையில் வடிப்பதும் அவருடைய அன்றாட வேலை. கலீசியாவின் தலைநகரான லிவிவ் நகரில் மிக்கோலாஷ் என்பவரின் மருந்துக்கடையில், உடன் பணியாற்றிய யான் சேக் என்பவரோடு சேர்ந்து, நிலத்திலிருந்து கசியும் எண்ணெயை வுகாஷேவிச் வடித்தெடுத்தார். பிராட்கோவ்ஸ்கி என்ற தகரவேலைக்காரர் அதற்கேற்ற விளக்கைச் செய்து தந்தார். 1853 ஜூலை 31 அன்று அவ்வூர் மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை அந்த வெளிச்சத்தில் நடந்தது. தகரவேலைக்காரரின் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அரசியல் அவருக்குப் புதிதன்று. ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான இரகசியக் கிளர்ச்சியில் ஈடுபட்டு 1846-இல் கைதாகி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். ஆனால் அவருக்கு ஊரில் செல்வாக்கைத் தேடித் தந்தது பிற்கால வாழ்க்கைதான்: 1854-இல் போப்ர்கா கிராமத்தில் கூட்டாளிகளோடு எண்ணெய்க் கிணறுகளைத் தொடங்கினார், அவருடைய சுத்திகரிப்பு ஆலை 1859-இல் தீக்கிரையான பிறகும் தொழிலை விடவில்லை, தொழிலாளர்களின் நோய்க்கும் முதுமைக்கும் உதவும் நிதியை ஏற்படுத்தினார், சாலைகளும் பள்ளிகளும் அமையப் பணம் கொடுத்தார்.

மணலியிலிருந்து, ஓய்வுபெற்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளி:
இரண்டு குறிப்புகள். முதலாவது, 'கெரோசின்' என்ற பெயரைச் சூட்டியவர் வுகாஷேவிச் அல்லர். அதைச் சூட்டியவர், நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெயை வடித்த கனடாக்காரர் ஆபிரகாம் கெஸ்னர். பாட்டியின் 'கிருஷ்ணாயில்' அந்தப் பெயரின் வழிவந்ததே. இருவர் செய்த வேலையின் சாரமும் ஒன்று: மிக இலேசான பகுதி விளக்கில் தீப்பற்றி வெடிக்கும், கனமான பகுதி புகையும், ஏறத்தாழ 150 முதல் 275 பாகை செல்சியஸ் வரையில் ஆவியாகும் நடுப்பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும். எங்கள் ஆலையின் உயர்ந்த கோபுரங்களிலும் இதுவே பெரிய அளவில் நடந்தது.

இரண்டாவது, நற்செயல்களைப் பார்த்து மக்கள் திரண்டு வாக்களித்ததாக எண்ணிவிட வேண்டாம். அந்த மன்றத்துக்கான தேர்தல் வகுப்புவாரியானது: பெருநிலக்கிழார்களுக்கு ஒரு தொகுதி, நகரத்தாருக்கு வேறு, கிராமத்தாருக்கு வேறு. 1865-இல் கோர்க்குவ்கா பண்ணையை வாங்கியபோதே வுகாஷேவிச் நிலக்கிழாராகிவிட்டார். கிணற்றுக்குள் இறங்கி எண்ணெய் அள்ளியவனின் குரலுக்கு அந்த முறையில் என்ன எடை இருந்திருக்கும்?

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:
நிலமும் வழி திறக்க உதவியிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழையே. இருப்பினும், 1877-இல் எண்ணெய்த் தொழிலினரின் முதல் மாநாட்டைக் கூட்டி, அவர்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தவர் அவர். மன்றத்திலும் எண்ணெய்த் தொழிலின் சிக்கல்களையே அவர் பெரிதும் எடுத்துப் பேசினார்.