ஊராட்சி ஆபீஸ் வரை வந்த பைபர் ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது? களத்தில் வேலை பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

பிளானிங் பக்கம் இருப்பவர்:

ஊராட்சிகளுக்கு பைபரில் இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான தேசிய ஆப்டிகல் பைபர் நெட்வொர்க் 2011-ல் ஒப்புதல் வாங்கி, 2015-ல் பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றைக் கோடாகத்தான் பைபர் இழுத்தார்கள். நடுவில் ஒரு ஜேசிபி பட்டால் போதும், அதற்கு அந்தப்பக்கம் உள்ள அத்தனை ஊரும் போச்சு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான திருத்திய திட்டம் இதை ரிங் முறைக்கு, அதாவது ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றி வரும் வட்டப் பாதைக்கு, மாற்றச் சொல்கிறது. சரியான முடிவு. ஆனால் வரைபடத்தில் ரிங்காகத் தெரிவது தரையிலும் ரிங்தானா என்று நடந்து பார்க்க வேண்டும். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கட்டப்பட்டிருந்தால், அந்தப் பாலத்தில் வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். சர்வே நோட்டில் பாலம், ரயில்வே கிராஸிங், மலைப்பாதை வளைவு மூன்றையும் தனியாகக் குறித்து, அங்கே இரண்டு பாதையும் பிரிகிறதா என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் இலக்கு 12,525 ஊராட்சி. பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேயே போகிறது. பள்ளம் தோண்டும் செலவும் சாலை அனுமதிக்கு அலைவதும் மிச்சம். பதிலுக்கு, கம்பம் மாற்றும்போதும் மரக்கிளை விழும்போதும் லைன் போகும். கம்பத்தை மாற்றப்போகிறவர்களுக்கும் பைபர் ஆட்களுக்கும் நடுவே ஒரு போன் நம்பர் இருந்தாலே பாதி கேபிள் அறுவதைத் தவிர்க்கலாம்.

ஸ்பிளைசிங் (பைபர் முனைகளை உருக்கி ஒட்டும்) வேலை செய்பவர்:

சார் சொன்னதோடு ஒன்று. ஊர் முழுக்க நெட் போனால் கேபிள் கட். ஒரே ஆபீஸில் மட்டும் போனால் பத்துக்கு ஏழு தடவை கனெக்டரில் அழுக்கு, இல்லை பேட்ச் கார்டு (பெட்டியில் சொருகும் குட்டி பைபர் வயர்) மடங்கியிருக்கும். முதலில் பவர் மீட்டரை 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து ஓஎன்டிக்கு (ஆபீஸில் பைபர் வந்து சேரும் பெட்டி) வரும் ஒளி அளவைப் பாருங்கள். கிளாஸ் பி பிளஸ் வகை என்றால் மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 டிபிஎம் வரை அனுமதி; மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 25 தாண்டிவிட்டால் இன்று ஓடும், மழை வந்தால் நிற்கும்.

கணக்கு இப்படி. ஒளியை அனுப்பும் மறுமுனைப் பெட்டியான ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம் விடுகிறது. பைபர் 15 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 டிபி லாஸ் (இழப்பு) வீதம் 5.25. எட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் 10.5. ஆறு ஸ்பிளைஸ் 0.1 வீதம் 0.6. நான்கு கனெக்டர் 0.5 வீதம் 2. மொத்த லாஸ் 18.35, கடைசியில் மைனஸ் 15 வாக்கில் நிற்கும். அதே இடத்தில் 32-க்குப் பிரித்தால் ஸ்பிளிட்டர் மட்டுமே 17, ஓஎன்டியில் மைனஸ் 22 ஆகிவிடும். மைனஸ் 25-க்கு இன்னும் மூன்றுதான் மிச்சம், மோசமான ஸ்பிளைஸுக்கு அதில் இடம் குறைவு.

பச்சை கனெக்டரை நீலத்தில் சொருகாதீர்கள். முனை சரிவு வேறு, பல டிபி போகும், முனையும் கெடும்.

ஓடிடிஆர் (பைபருக்குள் ஒளி விட்டு, கட் எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் கருவி) 7.4 கிலோமீட்டரில் கட் காட்டினால் வண்டி மீட்டரில் 7.4 ஓட்டிப் போய்த் தேடக்கூடாது. ஒவ்வொரு க்ளோஷரிலும் (ஸ்பிளைஸை மூடி வைக்கும் பெட்டி) சுருட்டி விட்ட லூப்பும் அதில் சேர்ந்திருக்கும். கேபிளுக்குள்ளே பைபர் முறுக்கிக்கொண்டு போவதால் கேபிள் நீளத்தைவிட பைபர் நீளம் அதிகம். பக்கத்தில் தெரிந்த க்ளோஷரின் தூரத்தைக் கழித்து, அங்கிருந்து அளந்தால் சரியான கம்பத்துக்குப் போகலாம். ஓடிடிஆரில் 1310 நானோமீட்டரில் நல்ல கோடு, அதே இடத்தில் 1550-ல் மட்டும் இறக்கம் என்றால் அது கட் இல்லை, எங்கோ கேபிள் கூர்மையாக மடங்கியிருக்கிறது. பெரும்பாலும் கம்பத்தில் இறுக்கிக் கட்டிய டை.

ஸ்பிளைஸ் செய்யும்போது ஐசோபுரொபைல் ஆல்கஹால் இல்லாமல் துடைக்காதீர்கள், கிளீவ் (பைபர் முனையை வெட்டும்) கோணம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். மெஷின் 0.01 காட்டினாலும் அது கணிப்புதான். இரண்டு பக்கமிருந்தும் ஓடிடிஆரில் பார்த்து சராசரி எடுத்தால்தான் உண்மை லாஸ் தெரியும்.

மின் இணைப்பு பார்ப்பவர்:

கேபிள் நன்றாக இருந்தும் நெட் இல்லை என்றால் ஆபீஸில் கரண்ட் இருக்கிறதா பாருங்கள். அறையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நிறைய ஊரில் நடக்கிறது. ஓஎன்டிக்கு மெயினிலிருந்து தனி எம்சிபி போட்டு, 'அணைக்காதீர்கள்' என்று தமிழில் ஒட்டுங்கள். பேட்டரிக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. லெட் ஆசிட்டில் பாதிதான் எடுக்கலாம், 10 வாட் ஓஎன்டிக்கு நாலு மணி நேரம். எட்டு மணி நேரம் வேண்டுமென்றால் 18 ஆம்பியர்-மணி போடுங்கள். இன்வெர்ட்டர் வழியாக ஏசி ஆக்கி மறுபடி அடாப்டரில் டிசி ஆக்காதீர்கள், நேரடி டிசி யுபிஎஸ் போதும்.

மலைப்பகுதியில் ரேடியோ லிங்க் போடுபவர்:

வால்பாறை, கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு பைபர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஆனால் எதிர் டவர் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. 5 கிலோமீட்டர் லிங்கில் நடுப்புள்ளியில் ஃப்ரெனல் ஆரம் (சிக்னல் பரவிச் செல்லும் பகுதியின் ஆரம்) ஏறக்குறைய 8 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 4.8 மீட்டராவது தடையில்லாமல் வேண்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் வெயில் காலத்தில் சிக்னலை ஓடவிடும், தென்மேற்குப் பருவமழையில் இலை நனைந்ததும் சிக்னல் சரியும். மார்ச்சில் சர்வே எடுத்துவிட்டு ஜூலையில் திட்டு வாங்காமலிருக்க, மரம் வளரும் உயரத்தையும் சேர்த்து மாஸ்ட் (ஆன்டெனா கம்பம்) போடுங்கள். மாஸ்டுக்கு எர்த்திங், பிஓஇ (டேட்டாவும் கரண்டும் சேர்ந்து போகும்) கேபிளுக்கு மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இரண்டு முனையிலும்.

பிளானிங் பக்கம் இருப்பவர்:

ஒன்றியத்துக்குப் புகார் சொல்லும்போது "நெட் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓஎன்டியில் பான் (PON) விளக்கு நிலையாக எரிகிறதா மினுக்குகிறதா, ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பா, எத்தனை மணியிலிருந்து, பக்கத்து ஊராட்சியிலும் போயிருக்கிறதா, இந்த நாலும் இருந்தால் ஆள் வரும்போதே ஸ்பிளைசிங் மெஷினோடு வருவதா பேட்ச் கார்டோடு வருவதா என்று தெரிந்து வருவார்.