நகலால்: கூலியாள் இல்லாத ஊர் எப்படி அமைந்தது?

கிபுட்ஸ், மோஷாவ் இரண்டும் இன்றைய இஸ்ரேலில் உள்ள யூதக் கூட்டு விவசாய ஊர் வகைகள், ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடக்கக் காலக் கிபுட்ஸில் வரவு செலவு எல்லாமே பொது. மோஷாவில் வீடும் வரவும் அவரவருக்கு. இடுபொருள் வாங்குவது, விளைச்சல் விற்பது, கடனுக்கு ஜாமீன் நிற்பது மட்டும் சேர்ந்து செய்தார்கள். மோஷாவ் முன்னோடி எலியேசர் யாஃபே 1919-இல் எழுதிய திட்டப்படி, 1921 செப்டம்பரில் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் எழுந்த முதல் மோஷாவ்தான் நகலால். நிலம், யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்தின் குத்தகை, விற்க முடியாது. குடும்பத்துக்குச் சுமார் 100 துனம், நம் கணக்கில் 25 ஏக்கர். கூலியாள் வைக்கக் கூடாது என்ற விதிதான் இந்த அளவைத் தீர்மானித்தது. தானியம் மட்டும் போட்டால் அறுப்புக்கு ஆள் பற்றாது, மற்ற மாதங்களில் கை சும்மா இருக்கும். அதனால்தான் கறவை மாடு, கோழி, காய்கறி என்று கலந்து செய்தார்கள்.

—

சார், சதுப்பை விட்டுவிட்டீர்களே! அங்கே முதல் எதிரி மலேரியா. சுட்ட மண்குழாய்களைப் புதைத்துத்தான் நீரை வடித்தார்கள். இந்த முறையில் குழாய்களைப் பூசி இணைக்கக் கூடாது. இடுக்கு வழியாகத்தான் நீர் உள்ளே இறங்கும். பள்ளத்தை நீர் வெளியேறும் கடைவாயிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வரணும். வாட்டம் (சரிவு) 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருந்தாலே ஓடும், ஆனால் ஒரே சீராக இருக்கணும். நடுவில் ஒரு குழாய் அமுங்கினால் அங்கே வண்டல் தங்கும், மேலே மறுபடி ஊறும். தேங்கிய நீரில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பெருகும்.

—

ஊர் வட்டமாக இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. ஊரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன், பள்ளி, கூட்டுறவுக் கட்டடங்களை நடுவில் வைத்தார். சுற்றிலும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் விரிந்து போகும் நிலம். யாருக்கும் பொது இடம் தூரமில்லை. இன்னொன்றையும் சொல்லணும்: அந்தப் பள்ளத்தாக்கு நிலங்களில் பெரும்பகுதி பெய்ரூத்தின் சுர்சுக் குடும்பத்திடம் வாங்கியது. உழுதுகொண்டிருந்த அரபுக் குத்தகைக்காரர்கள் பலர் வெளியேற வேண்டியிருந்தது. தோற்றம் பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

—

ஜாமீன் விஷயம் பற்றி: வங்கி தனி ஆளை நம்பாத காலத்தில் ஊரே பொறுப்பேற்றதால்தான் கடன் கிடைத்தது. 1985-க்குப் பிறகு வட்டி எகிறியபோது, கடனை அடைத்தவர்களும் அடுத்தவர் பாக்கிக்குச் சேர்த்துக் கட்ட வேண்டிய நிலை பல மோஷாவ்களில் வந்தது. கூட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு எழுதாமல் கையெழுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். பண்ணையும் துண்டாகாது, ஒரே வாரிசுக்குத்தான் போகும். மற்ற பிள்ளைகள் வேறு வழி பார்க்கணும்.